சண்டை போடாத ஊரின் கணக்கு நோட்டு: ஜாவா பயணக் குறிப்புகள்

செவ்வாய் பஹிங்

தலைப்பைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம், இங்கே ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பெயர். நமக்குத் தெரிந்த ஏழு நாள் வாரம் ஒன்று, கூடவே லெகி, பஹிங், பொன், வகே, கிளிவோன் என்று ஐந்து நாள் வாரம் ஒன்று. இரண்டும் அதனதன் போக்கில் சுற்றி, ஒரே ஜோடி 35 நாளைக்கு ஒரு தடவை திரும்பி வரும். ஊர்ச் சந்தைகளும் இந்த ஐந்து நாள் கணக்கில் கூடியவைதான், கோத்தாகெடேயின் பழைய சந்தைக்குப் பெயரே லெகி சந்தை. 1633இல் மத்தாராம் அரசர் சுல்தான் அகுங், பழைய இந்து நாட்காட்டியான சக வருஷத்தின் எண்ணை விடாமல் மாதங்களை மட்டும் இஸ்லாமியச் சந்திர மாதங்களாக மாற்றி உத்தரவு போட்டார். அப்போதுகூட ஐந்து நாள் வாரத்தில் யாரும் கை வைக்கவில்லை. பழையதைத் தூக்கி எறியாமல் அதன் மேலேயே புதியதைக் கட்டுவது இவர்களுக்குக் கைவந்த வேலை.

ஒவ்வொரு கிழமைக்கும் ஓர் எண், ஒவ்வொரு சந்தை நாளுக்கும் ஓர் எண். செவ்வாய்க்கு 3, பஹிங்குக்கு 9, ஆக இன்று பிறக்கும் குழந்தையின் எண் 12. கல்யாணம் பேசும்போது பெண்ணின் எண்ணையும் மாப்பிள்ளையின் எண்ணையும் கூட்டிப் பார்ப்பார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் போனில் இதற்கென்றே ஓர் ஆப் வைத்திருக்கிறார். "உங்கள் மகனுக்குப் பொருந்தி வந்ததா?" என்று கேட்டேன். வரவில்லையாம். அப்புறம்? வேறு எண் வருகிற நாளாகப் பார்த்துக் கல்யாணத்தை வைத்துச் சரிக்கட்டிவிட்டார்களாம். பெண்ணைப் பிடித்திருந்தது, இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம் வரக் கூடாது, அதனால் கணக்குதான் வளைந்து கொடுத்தது.

இருப்பது யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே, பந்துல் மாவட்டத்தில், இமோகிரி குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவில் சில வருஷம் வேலை பார்த்ததில் எனக்கு மலாய் வரும், அதை வைத்து இந்தோனேசிய மொழியில் ஓட்டிவிடலாம். ஆனால் வீட்டில் இருக்கிற பாட்டிக்கு ஜாவா மொழியைத் தவிர வேறெதுவும் பேசப் பிடிக்காது. மருமகள்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்கிறார், அதில் எவ்வளவை மென்மையாக்கிச் சொல்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம்.

வீடு புதியது, அதாவது 2006க்குப் பிறகு கட்டியது. அந்த வருஷம் மே 27ஆம் தேதி காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் வந்த நிலநடுக்கத்தில் 5,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதிகம் அடிவாங்கியது இந்த பந்துல் மாவட்டம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அரசாங்கப் பணம் பிறகு வந்தது, வெளிநாட்டு உதவியும் வந்தது, ஆனால் இடிபாட்டை அள்ளியதும் முதல் கூரைகள் ஏறியதும் ஊர் ஆட்கள் கையால். இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு, கூலி கிடையாது, வேலை நடக்கும் வீட்டில் சாப்பாடும் டீயும் மட்டும். இதற்கு சம்பாத்தான் என்று பெயர், நிலநடுக்கத்துக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.

வீட்டுக்காரர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. "கல் சுமந்ததெல்லாம் கஷ்டமில்லை. யார் வீடு முதலில் என்று முடிவு செய்யத்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தோம்" என்றார். ஓட்டெடுக்கவில்லை. எதிர்ப்பு என்று ஒரு முகம்கூட இல்லாமல் போகும்வரை பேசிக்கொண்டே இருந்தார்களாம். ஓட்டெடுத்தால் தோற்றவன் என்று ஒருவன் ஊரில் இருப்பான், அவனோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அது யாருக்கு நல்லது என்று கேட்டார்.

ஜாவாக்காரர்கள் சாந்தமானவர்கள், கோபமே வராது, எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். பிறவியிலேயே சாந்தமான ஜனம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஓர் ஊர் அமைதியாக இருக்கிறதென்றால் யாரோ உட்கார்ந்து அதற்காக வேலை செய்கிறார்கள், யாரோ அதற்கு விலையும் கொடுக்கிறார்கள். அது யார் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

புதன் பொன்

பாதி பதில் இன்றைக்கே பக்கத்து வீட்டு அடுப்படியில் கிடைத்துவிட்டது. பெண்கள்.

அந்த வீட்டுத் தாத்தா இறந்து நாளை மறுநாளோடு ஆயிரம் நாள். ஜாவாவில் இறந்தவருக்கு மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள், முதல் வருஷம், இரண்டாம் வருஷம் என்று வரிசையாகச் செய்து ஆயிரமாவது நாளில் முடிப்பார்கள். ஆயிரம் நாளை எப்படி எண்ணுவார்கள் என்று கேட்டால் எண்ணவே மாட்டார்களாம்: இறந்த கிழமையிலிருந்து ஆறாவது கிழமை, இறந்த சந்தை நாளிலிருந்து ஐந்தாவது சந்தை நாள், அவ்வளவுதான் சூத்திரம். தாத்தா இறந்தது ஞாயிறு லெகி, ஆக ஆயிரமாவது நாள் வெள்ளி கிளிவோன். பேப்பரில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. பொழுது சாய்ந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடுகிற கணக்கு என்பதால் சடங்கு வியாழக்கிழமை ராத்திரி.

அதற்கான சமையல் இன்று விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தெருவில் உள்ள பெண்கள் எல்லாம் கத்தியும் கையுமாக வந்துவிட்டார்கள். இந்தக் கூட்டுச் சமையலுக்கு ரேவாங் என்று பெயர். யாரும் யாரையும் வேலை ஏவியதாகத் தெரியவில்லை, ஆனாலும் வயதான பெண்மணி ஒருவர் ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணாலேயே எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். தேங்காய் துருவுகிறவர்கள் ஒரு பக்கம், பலாப்பிஞ்சு நறுக்குகிறவர்கள் ஒரு பக்கம், அரிசியைப் பாதி வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி மறுபடி ஆவியில் வேகவைக்கிறவர்கள் அடுப்போரம். இறந்தவருக்கான சடங்கில் மூன்று பண்டம் தவறாமல் இருக்க வேண்டும்: பசையரிசியில் செய்த கெத்தான், வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த கோலாக், அரிசி மாவை நொதிக்கவைத்துச் சுடும் அபெம். அபெம் நம் ஆப்பத்துக்குச் சொந்தம்தான், தின்று பார்த்தே சொல்கிறேன்.

பேச்சு ஓயவே இல்லை. யார் மகன் சுரபாயாவிலிருந்து வரவில்லை, யார் வீட்டு மாடு யார் வயலை மேய்ந்தது, எந்தக் கடையில் கடன், எல்லாம் அங்கே ஓடியது. வாய்க்கால் தகராறு ஒன்றில் சம்பந்தப்பட்ட இரண்டு வீட்டுப் பெண்களையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரே கூடை வெங்காயத்தை உரிக்கக் கொடுத்திருந்தார்கள். அது தற்செயலா என்று மருமகளிடம் கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. ஆண்கள் மண்டபத்தில் உட்கார்ந்து ஒருமித்த முடிவு எடுப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முடிவு அனேகமாக முந்தின நாள் அடுப்படியில் வெந்து இறங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வருகிற ஒவ்வொருவரும் கையில் ஏதாவது கொண்டுவருகிறார்கள், அரிசி, சர்க்கரை, தேயிலை, எண்ணெய். வீட்டுப் பெண் ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். நம் மொய் நோட்டு எப்படியோ அப்படியே. நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் குறையாமல் திரும்பப் போக வேண்டும். கல்யாணங்கள் குவிகிற பெசார் மாதத்தில் ஒரே வாரத்தில் நாலைந்து அழைப்பு வந்துவிட்டால் கோழியை விற்றாவது, கடன் வாங்கியாவது கவர் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் தலைநிமிர முடியாது என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டார். அவர் குரலில் இருந்தது பெருமை இல்லை, களைப்புதான். கூடி வாழ்வதைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் அந்தப் பெண்ணிடம் ஒரு தடவை பேசிப் பார்க்கலாம்.

ராத்திரி ஆண்கள் முறை. இரவுக் காவலுக்குப் பேர் ரோண்டா, வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துப் போகிறார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். தெருமுனைக் கொட்டகையில் கெந்தோங்கான் என்கிற மர முழவு தொங்குகிறது, குடைந்த மரக்கட்டைதான். விடாமல் வேகமாகத் தட்டினால் ஆபத்து, எல்லாரும் எழுந்து வர வேண்டும். சும்மா சுற்றுவது மட்டும் வேலை இல்லை. ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஆணியில் ஒரு சின்ன டப்பா தொங்கும், முன்பு அதில் ஒரு சிட்டிகை அரிசி போடுவார்களாம், இப்போது 500 ரூப்பியா நாணயம். அதைச் சேகரித்து எந்த வீட்டில் இருந்தது, எந்த வீட்டில் இல்லை என்று டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறார்கள். அந்தப் பணத்தில் தெருவிளக்கு, விசேஷங்களுக்குத் தட்டு, நாற்காலி, யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் கைச்செலவு. ஒரு டப்பா தொடர்ந்து காலியாக இருந்தால் திருட்டுத்தனம் என்று நினைக்க மாட்டார்களாம், அந்த வீட்டில் ஏதோ கஷ்டம் என்று மறுநாள் ஒருவர் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பாராம். கண்காணிப்பு என்றும் சொல்லலாம், அக்கறை என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் நோட்டு ஒன்றுதான்.

வியாழன் வகே

தூங்கி எழுந்தபோது வெயில் ஏறிவிட்டது. வீட்டுக் குட்டிப் பெண்ணுக்கு நாலு வயது இருக்கும். பாட்டி சாப்பிட்டாயிற்றா என்று கேட்க வேண்டிய இடத்தில் மங்கான் என்ற சொல்லைப் போட்டுவிட்டாள். அம்மா உடனே குனிந்து காதோரம் திருத்தினார்: பாட்டிக்கு மங்கான் இல்லை, தஹார். ஜாவா மொழியில் சமமானவர்களிடமும் சின்னவர்களிடமும் பேச ஙோக்கோ என்று ஒரு படி, மரியாதைக்கு குரோமோ என்று ஒரு படி, அதற்கும் மேலே பெரியவர்களின் உடலையும் செயலையும் குறிக்க மட்டும் இன்னொரு அடுக்குச் சொற்கள். நாம் வினை விகுதியில் முடித்துவிடுகிற மரியாதைக்கு இவர்கள் முழுச் சொல்லையே மாற்ற வேண்டும். அதிலும் தன்னைப் பற்றிப் பேசும்போது உயர்ந்த சொல்லைப் போட்டுவிடக் கூடாது, அது பெரிய அசிங்கம்.

மரியாதை பழகாத பிள்ளையை இங்கே "இன்னும் ஜாவாக்காரன் ஆகவில்லை" என்பார்கள். பிறந்ததால் ஆகிவிட முடியாது, ஆக்க வேண்டும். கூச்சம், பயம், பெரியவர் முன் ஒடுங்கி நிற்பது எல்லாம் ஒவ்வொன்றாகப் பழக்கப்படுகிறது. அடிப்பது குறைவு, வெட்கப்பட வைப்பது அதிகம்.

இது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். பக்கத்து ஊரில் முன்பு ஒரு பொறுப்பாளர் பொதுப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டிருக்கிறார், எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் ஒருவர்கூட முகத்துக்கு நேரே கேட்கவில்லை. பெரியவரைச் சங்கடப்படுத்துவது கேட்கிறவனுக்கே சங்கடம், எவு பெக்கெவு என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. அவர் மகள் கல்யாணத்துக்கு ரேவாங் போக வேண்டிய பெண்கள் பாதிப் பேர் "உடம்புக்கு முடியவில்லை" என்று சொல்லி அனுப்பினார்களாம். அடுப்படி காலியாக இருந்தது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. அழகான கதைதான், ஆனால் அதற்குள் அவர் எத்தனை வருஷம் சாப்பிட்டார் என்று கேட்டேன். வீட்டுக்காரர் இன்னொரு தம்ளர் டீ ஊற்றினார். டீயில் சர்க்கரை ஏகத்துக்கு.

ராத்திரி ஸ்லாமெத்தான், தாத்தாவுக்காக அக்கம்பக்கம் கூடி ஓதிச் சாப்பிடுகிற அந்தச் சடங்கு. ஆண்கள் பாய் மேல் சுவரோரம் வட்டமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள், நடுவில் சோறு, முழுக் கோழி, பழங்கள், அந்த மூன்று பண்டம். ஊர்ப் பெரியவர் ஒருவர் உயர்ந்த குரோமோவில் இன்னாருக்காக, இன்ன காரணத்துக்காக என்று சொன்னார், பிறகு குர்ஆனின் யாசின் அத்தியாயத்தை ஓதி அரபியில் துவா. உள்ளறையில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது, ஒரு கிண்ணத்தில் பூ, பக்கத்தில் கறுப்புக் காப்பி, தாத்தாவுக்குப் பிடித்ததாம். மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1950களில் கிழக்கு ஜாவாவின் பாரேயில் தங்கி இந்த மக்களை மதப்பற்று மிகுந்த முஸ்லிம்கள், பழைய வழக்கத்துக் கிராமத்தார், மேட்டுக்குடி என்று மூன்றாகப் பிரித்தார். அதன் பிறகு எழுதுகிற எல்லாரும் அந்தப் பிரிவோடு மல்லுக்கட்டுகிறார்கள். இந்த அறையில் துவா ஓதியவரும் சாம்பிராணி ஏற்றியவரும் ஒரே ஆள், அவரை எந்தப் பெட்டியில் போடுவது?

முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சோற்றை இரண்டு வாய் சாப்பிட்டதும் மீதியைக் கட்டி வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். முன்பு மூங்கில் கூடை, இப்போது பிளாஸ்டிக். சில வீடுகளில் சமைத்ததே இல்லாமல் அரிசி, முட்டை, நூடுல்ஸ் பாக்கெட் என்று பையில் போட்டுத் தந்துவிடுகிறார்களாம். பாட்டிக்கு அதில் துளியும் சம்மதமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆவிகள் நூடுல்ஸ் பாக்கெட்டை எப்படிப் பிரிப்பார்கள் என்பது அவர் கேள்வி.

பிறகு முற்றத்தில் சிகரெட்டும் பேச்சும். வீட்டுக்காரர் கி அகெங் சுர்யோமெந்தாராம் பற்றி ஆரம்பித்தார். 1892இல் பிறந்தவர், யோக்யகர்த்தா ஏழாம் சுல்தானின் மகன். அரண்மனை வாழ்க்கை ஒட்டாமல் ஓடிப்போய்த் துணி விற்றிருக்கிறார். தேடிப்போன ஆட்கள் அவரைக் கண்டுபிடித்தபோது கிரோயாவில் கூலிக்குக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார். பின்னால் இளவரசர் பட்டத்தைத் துறந்து சலாத்திகாவுக்குப் பக்கத்தில் பிரிங்கினில் விவசாயம் செய்து 1962இல் இறந்தார். அவர் சொன்னது சுருக்கம்: ஆசை கிடைத்தால் நீளும், கிடைக்காவிட்டால் சுருங்கும். நீண்டது மறுபடி எட்டாமல் போய் வருத்தம் வரும், சுருங்கியது ஒரு கட்டத்தில் எட்டிச் சந்தோஷம் வரும். அதனால் எந்தச் சந்தோஷமும் நிற்காது, எந்தத் துக்கமும் நிற்காது. வருவதை ஏற்பது என்று இவர்கள் சொல்கிற நெரிமோவைச் சோம்பேறித்தனம் என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். இந்த மனிதர் அதைக் கிணறு தோண்டிக்கொண்டே கற்றிருக்கிறார்.

வெள்ளி கிளிவோன்

வடக்கே, மெராபி எரிமலை. யோக்யகர்த்தாவில் மலை, அரண்மனை, தெற்குக் கடல் மூன்றும் ஒரே கோட்டில் வைத்து எண்ணப்படுகின்றன. அந்த அச்சில் உள்ள நகரப் பகுதியை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுல்தான் முடிசூடிய நாளை ஒட்டி மலைக்கும் கடலுக்கும் அரண்மனையிலிருந்து துணிமணிகள் காணிக்கை போகும். மலைக் காணிக்கையைக் கொண்டுபோகிறவர் மலையின் காவலர்.

அந்தப் பொறுப்பில் இருந்தவர்தான் கினாஹ்ரெஜோவின் ம்பா மரிஜான். 2006 வெடிப்பின்போது எல்லாரும் இறங்கியும் இவர் இறங்கவில்லை, பிழைத்தார், நாடெங்கும் பிரபலமாகி ஓர் எனர்ஜி பான விளம்பரத்தில்கூட வந்தார். 2010 அக்டோபர் 26 அன்று மறுபடியும் இறங்கவில்லை. வெப்பப் புகைமேகம் ஊரைக் கடந்துபோன பிறகு தொழுகையில் குனிந்த நிலையில் உடல் கிடைத்தது. அந்த வெடிப்புகளில் மொத்தம் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடு இருந்த இடம் இப்போது பார்வையிடம், எரிந்த வண்டி ஒன்று அப்படியே நிற்கிறது, வாசலில் சுற்றுலா ஜீப்புகள் வரிசையாக.

அங்கே காப்பிக்கடையில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர், ஒன்பதாம் சுல்தான் ஒப்படைத்த வேலையை விட்டு எப்படி இறங்குவார், கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே என்றார். இன்னொருவர் கொஞ்சம் இளையவர், குரலைத் தாழ்த்தி, அவர் இருக்கிறாரே என்று நம்பி இருந்தவர்களும், அவரைக் கூட்டிப்போக ஏறி வந்தவர்களும் செத்தார்களே என்றார். நான் இரண்டாமவர் பக்கம். கடமைக்காகத் தன் உயிரைக் கொடுப்பது அவரவர் முடிவு, ஆனால் பெரியவரை மீறக் கூசுகிற ஊரில் பெரியவரின் முடிவு அவரோடு நிற்பதில்லை. இப்போது அவர் மகன் அந்தப் பொறுப்பில் இருக்கிறார்.

இறங்கி வரும் வழியில் ஓர் ஊரில் ஊர்த் தூய்மைச் சடங்கு, ராத்திரி வயாங் குலித். ஒன்பது மணி வாக்கில் ஆரம்பித்து விடியும்வரை. நம் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் திரை, விளக்கு, தனி ஆளாக எல்லாக் குரலும் பேசுகிற கலைஞர் எல்லாம் பழக்கப்பட்டதுதான். மகாபாரதம் என்று நம்பி உட்கார்ந்தால் கொஞ்சம் தூக்கிவாரிப் போடும். திரௌபதி இங்கே தருமனுக்கு மட்டும் மனைவி. நடு ராத்திரியில் வருகிற தொந்தியும் தொப்பையுமான வேலைக்காரன் செமார் உண்மையில் ஒரு மூத்த தேவன், சிவனான பத்தாரா குருவே அவன் சொன்னால் கேட்டாக வேண்டும். அவனும் மகன்களும் வரும் நேரத்தில்தான் ஊர்த் தலைவர் முன்வரிசையில் இருக்கும்போதே ரோடு பள்ளத்தைப் பற்றி, உர மானியத்தைப் பற்றி எல்லாம் கிண்டல் ஓடியது. ஊர்த் தலைவரும் சிரித்துத்தான் ஆக வேண்டும். பகலில் யாரும் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பொம்மை வேண்டியிருக்கிறது.

கதை தேவ ருச்சி. ஜீவ ஜலம் தேடிக் கடலுக்குள் இறங்குகிற பீமன், தன்னைப் போலவே உருவமுள்ள ஒரு விரல்கடைத் தேவனைச் சந்தித்து, அவன் இடது காது வழியாக உள்ளே போய் அண்டம் முழுவதையும் பார்க்கிறான். வயாங்கில் பீமன் யாரிடமும் மரியாதை மொழி பேசமாட்டான், குருவானாலும் அண்ணனானாலும் தேவர்களானாலும் ஙோக்கோதான். இந்தக் குட்டித் தேவனிடம் மட்டும்தான் குரோமோவில் பேசுகிறான். இவ்வளவு படிக்கட்டு வைத்துப் பேசுகிற ஜனம், படிக்கட்டையே மதிக்காத ஒருவனை எல்லாரையும் விட நேர்மையானவன் என்று கொண்டாடுகிறது.

சனி லெகி

விடியற்காலைக்கு அப்புறம் வேனில் தூக்கம். கிளாதென், சோலோ, அங்கிருந்து வடக்கே புர்வோதாதி. சோலோவுக்கு அப்புறம் ரோடு மோசம், எழுத அதிகம் இல்லை.

ஒன்றைத் தவிர. கிளாதென் தாண்டும்போது டிரைவர், சுற்றிலும் உள்ள கரும்பு, நெல் வயல்களைக் காட்டி 1965 என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். 1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்றும் அவர்களோடு சேர்ந்தவர்கள் என்றும் சொல்லி இந்தோனேசியா முழுக்கக் குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டதாகப் பொதுவான கணிப்பு. மத்திய ஜாவாவில் கிளாதென், போயோலாலி பக்கம் கடுமையாக இருந்தது. ராணுவம் முன்னின்று நடத்தியது, ஆனால் பல ஊர்களில் பட்டியல் கொடுத்ததும் கூட்டிப்போனதும் அதே ஊர்க்காரர்கள், அதே பாயில் உட்கார்ந்து சோறு வாங்கிப்போனவர்கள். இணக்கத்தைப் பற்றி நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இதை எழுதாமல் விட்டால் நான் எழுதியது பாதிப் பொய். அதற்கப்புறம் அந்த ஊர்களில் மறுபடி ஸ்லாமெத்தான் நடந்தது, ரேவாங் நடந்தது, கொன்றவர் வீட்டு மகனும் செத்தவர் வீட்டு மகனும் சேர்ந்து ரோண்டா போனார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. சண்டை வரக் கூடாது என்பதற்காகப் பழகிய அதே வாயடக்கம் இங்கே யாரைக் காப்பாற்றியது என்று யோசித்தால் தொண்டை அடைக்கிறது.

ஞாயிறு பஹிங்

பாத்தி மாவட்டம், சுக்கோலிலோ. செதுலுர் சிக்கெப் மக்கள், வெளியார் வைத்த பெயர் சாமின்.

1859இல் புலோராவில் பிறந்த சாமின் சுரோசெந்திக்கோ என்ற விவசாயி, டச்சுக்காரர்கள் தேக்குக் காட்டை வளைத்து ஊராரை உள்ளே விடாமல் செய்தபோது வரி கொடுக்காதீர்கள், கூலியில்லா வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். அடிதடி கிடையாது. 1907இல் பிடித்து சுமத்ராவின் பாடாங்குக்கு நாடு கடத்தினார்கள், 1914இல் அங்கேயே இறந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் அதிகாரிகளுக்குச் சொன்ன பதில்கள் இன்றைக்கும் கதையாக ஓடுகின்றன. எங்கிருந்து வருகிறாய்? பின்னாலிருந்து. எங்கே போகிறாய்? முன்னால். எத்தனை பிள்ளை? இரண்டு வகை, ஆண் என்று ஒன்று, பெண் என்று ஒன்று. வயது? ஒன்றுதான், சாகிறவரைக்கும் அதே உயிர். பொய் ஒரு வரி கிடையாது, எழுதிக்கொள்ள முடிந்தது ஒன்றும் கிடையாது.

இவர்கள் யாரிடமும் குரோமோ பேசுவதில்லை, மாவட்ட அதிகாரியானாலும் ஙோக்கோதான், எல்லாரும் சகோதரர்கள் என்பதால். பொறாமைப்படாதே, அடுத்தவனைக் குற்றம் தேடாதே, திருடாதே, வியாபாரம் செய்யாதே. வியாபாரம் ஏன் கூடாது? பொய் சொல்லாமல் லாபம் பார்க்க முடியாது என்று பதில் வந்தது. அப்படியானால் நெல்லை யாருக்கு விற்கிறீர்கள் என்றேன். தான் விளைவித்ததை விற்பது வேறு, வாங்கி விற்பது வேறு என்றார் வீட்டுப் பெரியவர், இந்தக் கேள்வியை நூறு பேர் கேட்டிருப்பார்கள் போல. பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பாமலிருப்பது பழைய வழக்கம். பள்ளிக்கு அனுப்பாதது எனக்கு ஒப்பவில்லை, சொன்னேன், அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. தங்கள் மதத்தை ஆதாம் என்கிறார்கள். அடையாள அட்டையில் பல காலம் அந்த இடத்தில் கோடுதான். 2017 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் பூர்வீக நம்பிக்கைகளையும் எழுதலாம் என்று தீர்ப்பளித்தது.

வீட்டுக்குத் தெற்கே தெரிகிற சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் கெந்தெங். அதைக் குடைந்து சிமென்ட் ஆலை வைக்க வந்தபோது இந்த மக்களும் சுற்றியுள்ள விவசாயிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள், மலைக்குள் தேங்குகிற நீரில்தான் ஊற்றுகள் என்பதால். 2016 ஏப்ரலில் ஒன்பது பெண்கள் ஜகார்த்தாவில் ஜனாதிபதி மாளிகை முன்னால் தங்கள் கால்களைச் சிமென்ட் பெட்டியில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த அக்டோபரில், அதே மலைத்தொடரில் பக்கத்து ரெம்பாங் மாவட்டத்து ஆலையின் சுற்றுச்சூழல் அனுமதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, சில மாதங்களில் மாகாண அரசு புது அனுமதி கொடுத்துவிட்டது. 2017 மார்ச்சில் மறுபடி போய்க் காலைப் புதைத்தார்கள், அந்தப் போராட்டத்தின்போது பாத்மி என்ற விவசாயப் பெண் இறந்துபோனார். ஆலை ஓடுகிறது.

போராட்டத்துக்குப் போய்வந்த ஒரு பெண்ணோடு கொல்லைப்புறத்தில் பேசிக்கொண்டிருந்தேன், நிலக்கடலை உரித்துக்கொண்டே. நெரிமோ என்கிறீர்களே, வருவதை ஏற்றுக்கொள்வது, அப்புறம் ஏன் காலைச் சிமென்டில் வைத்தீர்கள் என்று கேட்டேன். "எனக்குக் கொடுத்ததை ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு மலையைக் கொடுத்திருக்கிறது, தண்ணீரைக் கொடுத்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போகிறவன்தானே ஏற்காதவன்?" என்றார். ஜகார்த்தாவில் அதிகாரிகள் பேச வந்தபோதும் ஙோக்கோதானா? ஆமாம், ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டதாம். ஊரில் யார் சமைத்தது, பிள்ளைகளை யார் பார்த்தது என்று கேட்டேன். போகாத வீட்டுப் பெண்கள் முறை வைத்து வந்தார்களாம், யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று ஒரு நோட்டும் இருந்ததாம். பஸ் செலவுக்கு வாங்கிய கடன் மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி, இந்தக் கடலைக்கு நல்ல விலை வந்தால் அடைத்துவிடுவேன் என்றார்.